ஆர்பி (விழித்திரை மெல்ல மெல்ல அழியும் பரம்பரை நோய்) உள்ள குடும்பங்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தை எழுதுங்கள்

குடந்தைவாசி:
தம்பிக்கு ஈஆர்ஜி, அதாவது ஒளி பட்டதும் விழித்திரை எழுப்பும் மின் அலையை அளக்கும் டெஸ்ட், எடுத்த நாள். அந்த இருட்டு அறை இங்கே எல்லாருக்கும் பழக்கம்தானே, நேராக விஷயத்துக்கு வருகிறேன். அலை வர வேண்டிய இடத்தில் கோடு கிட்டத்தட்ட தட்டையாக இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார். அம்மா தாய்மாமனைக் கட்டியவர். "ஆமாம்" என்றவர் முந்தானை நுனியை விரலில் சுற்றி, விரல் வெளுக்கிற அளவுக்கு இறுக்கிக்கொண்டே இருந்தார். கேள்வி நியாயம்தான். ஆனால் கூடவே இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும்: பழுதான ஜீன் சில எல்லார் உடம்பிலும் இருக்கின்றன, அதே பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும்போது நோயாக வெளிப்படுகிறது, உங்கள் மேல் குற்றம் இல்லை என்று. யாரும் சொல்லவில்லை. தம்பிக்குச் சோறு போடும்போது அம்மா இன்றைக்கும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

திண்டுக்கல் செல்வி:
நான் ஊசியில் நூல் கோர்ப்பேன், பேப்பரில் பொடி எழுத்து படிப்பேன். அதனாலேயே எனக்கு ஆர்பி என்றால் யாரும் நம்புவதில்லை. நாத்தனார் கல்யாணத்தில் மண்டப வாசலில் ஒரு பெரியம்மா குங்குமச் சிமிழை நீட்டியிருக்கிறார். எனக்கு நடுவில் மட்டும்தான் பார்வை; எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்தால் அவர் கை தெரியாது. சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். "படிச்ச திமிர்" என்று மண்டபம் முழுக்கப் பேச்சு. நீட்டிய கை நீட்டியபடியே நின்றதாம். மாமியார் வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

சேலம் அண்ணன்:
ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல், அதை ஊசியாகப் போட்டால் பார்வை வரும் என்று விற்பதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். சித்தப்பா நிலத்தை விற்ற பணத்தோடு வேறொரு ஊரில் இருந்த கிளினிக்குக்குப் போனோம். "ஊசி போட்டவர்களுக்குப் பார்வை எவ்வளவு கூடியது, அளந்த ரிப்போர்ட் காட்டுங்கள்" என்றேன். அந்த ஆள் செல்போனில் ஒரு அம்மா கைகூப்பி அழுகிற வீடியோவைப் போட்டார். சித்தப்பாவுக்குப் படம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. அந்தக் குரலை நம்பியே "சரி, போடுங்க" என்று தலையாட்டினார். பணம் போனது, பார்வை வரவில்லை. 2017-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்ததைப் பிறகுதான் படித்தேன். ஃப்ளோரிடாவில் மூன்று பெண்களுக்கு அவர்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் போட்டிருக்கிறார்கள். மூவருக்கும் இருந்த பார்வையும் பெருமளவு போய்விட்டது. ஸ்டெம் செல் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். எல்லாம் ஏமாற்று.

ஆய்வக மாணவி:
அண்ணா, எல்லாம் ஏமாற்று என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. 2014-இல் ஜப்பானின் கோபேயில் மசாயோ தகாஹாஷி என்ற கண் மருத்துவரின் குழு, எழுபது வயது தாண்டிய ஒரு பெண்ணின் தோல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்தே விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமி அடுக்கை வளர்த்து, ஒரே ஒரு கண்ணில் வைத்தது. ஒரு வருஷம் கழித்து, பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். வீடியோ காட்டி விற்பதும் இதுவும் ஒன்றா?

என் சம்பவம் மைக்ரோஸ்கோப்பில். ஆர்டி1 என்ற எலிக்கு, ராட் செல்லுக்கு (மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்) மட்டும் வேண்டிய ஒரு ஜீன் பிறவியிலேயே பழுது. நல்ல எலியின் விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்களின் உட்கருக்கள் பத்து வரிசைக்குக் குறையாமல் அடுக்கியிருக்கும். மூன்று வாரமான ஆர்டி1 எலியில் ஒற்றை வரிசைதான் மிச்சம். மிஞ்சியவை கோன் செல்கள், பகல் வெளிச்சத்தில் நிறமும் நுணுக்கமும் காட்டுபவை. அவற்றில் அந்த ஜீனுக்கு வேலையே இல்லை. ஆனாலும் ராட் போன பின்னால் கோனும் ஒவ்வொன்றாகச் சாகிறது. மனிதர்களிலும் இப்படித்தான் முதலில் மாலைக்கண், கடைசியில் நடுப் பார்வை. ராட் செல் சுரக்கும் ஒரு புரதம் கோனை வாழ வைக்கிறது என்று பாரிஸில் லெவெயார், சாஹேல் என்ற ஆய்வாளர்களின் குழு 2004-இல் காட்டியது. அந்த ஒற்றை வரிசையைக் காப்பாற்றினாலே ஒருவர் கடைசிவரை முகம் பார்த்துப் பேசலாம். அந்த ஸ்லைடுக்குப் பிறகுதான் என் ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
எனக்கும் ஆர்பி. வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து அழுத பையன் என் கண்ணில் படவே இல்லை, அவ்வளவுதான் என் கதை. செல்வி அம்மா, ஒன்று சொல்கிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, எழுத்துப் பலகையை எவ்வளவு படிக்கிறீர்கள் என்பது மட்டும் கணக்கில்லை. பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே போனாலே குறைபார்வை, 10-க்குக் கீழே போனால் பார்வையின்மை. அந்தப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டோடு போய் அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். வெள்ளைக் கோல் பழகுங்கள், கல்யாண வீட்டில் அதுவே பதில் சொல்லும். குடந்தைவாசி, உங்கள் அம்மாவுக்காகச் சொல்கிறேன்: எங்கள் வீட்டில் சொந்தத்தில் கல்யாணமே கிடையாது, அப்பாவிடமிருந்து நேராக எனக்கு வந்தது. அப்புறம், வைட்டமின் ஏ மாத்திரையை யாரும் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஸ்டார்கார்ட் என்ற இன்னொரு பரம்பரை விழித்திரை நோய் இருந்தால் அது கெடுதல். முதலில் ஜீன் டெஸ்ட்.

பாப்பாவின் அப்பா:
நாங்கள் ஜீன் டெஸ்ட் எடுத்தோம் சார். பாப்பாவுக்குப் பிறவியிலேயே, எல்சிஏ (குழந்தையிலேயே பார்வையைப் பறிக்கும் பரம்பரை விழித்திரை நோய்). எந்நேரமும் முஷ்டியால் கண்ணை அழுத்திக்கொண்டே இருப்பாள். பழுது ஆர்பிஈ65 என்ற ஜீனில் என்று வர வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை. அதற்குத்தானே லக்ஸ்டர்னா ஊசி இருக்கிறது, 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து எட்டரை லட்சம் டாலர் விலை வைத்தார்கள், அதையும் எப்படியாவது புரட்டிவிடலாம் என்று நினைத்தோம். ரிப்போர்ட்டில் செப்290 என்ற வேறு ஜீன் என்று வந்தது. "அப்போ அந்த ஊசி நமக்கு இல்லையா?" என்று என் மனைவி கேட்டாள். மரபணு ஆலோசகர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். செப்290-க்கு கிரிஸ்பர் (ஜீனையே வெட்டித் திருத்தும் முறை) சோதனையில் 14 பேருக்குப் போட்டு, சிலருக்குப் பலன் தெரிந்தும், கம்பெனி 2022-இல் நிறுத்தி வைத்துவிட்டது. மாணவி அம்மா, நீங்கள் சொன்ன அந்தப் புரதம் எங்கள் பாப்பாவுக்கு உதவுமா?

ஆய்வக மாணவி:
சார், அது ராட் முதலில் சாகிற ஆர்பியை வைத்துக் கண்டது, செப்290-க்கு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் செப்290-இல் பார்வை மோசமாக இருந்தாலும் விழித்திரையின் நடுவில் கோன் செல்கள் பல வருஷம் சாகாமல் நிற்கின்றன. அதனால்தான் அதை ஆய்வாளர்கள் விடாமல் துரத்துகிறார்கள். பாப்பா அசையாமல் உட்காரும் வயசு வந்ததும் ஓசிடி (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) எடுங்கள், பழைய படங்களையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த சோதனைக்கு ஆள் எடுக்கும்போது அதையும் கேட்கலாம்.