பனி படிந்த தமிழ் எழுத்துரு: யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. 5×7 அங்குலக் கிறிஸ்துமஸ் அட்டை, 300 டிபிஐ, கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. ஆங்கில வரிக்கு கூகுள் ஃபாண்ட்ஸின் 'மவுண்டன்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' கச்சிதம். அதில் தமிழ் கிடையாது. தமிழில் தட்டினால் கணினி வேறொரு சாதா எழுத்துருவைப் போட்டுவிடும்.

தமிழ் எழுத்துருக்களில் 'கவிவாணர்' சாய்ந்த கையெழுத்து வகை. உள்பக்கக் கடிதத்துக்குச் சரி, தலைப்புக்கு மெலிவு. கருநீலத்தில் மெல்லிய கோடுகளை மை விழுங்கிவிடும். 'பலூ தம்பி 2' எழுத்துருவில் 800 தடிமன் வரை உண்டு, பனி நன்றாகவே உட்காரும். சிக்கல் புள்ளியில்தான். பனியைத் தனி லேயராக மேலே வைத்தால் புள்ளி மறைந்து, 'கிறிஸ்துமஸ்' 'கிறிஸதுமஸ' ஆகிறது! இகரத்தின் வளைவும் பாதி போய்விடுகிறது. ஒவ்வொரு எழுத்தாக அழித்துத் திருத்தலாம்தான், 12 வரிக்கு யார் உட்கார்வது?

பாமினி வகைப் பழைய எழுத்துருக்கள் வேண்டாம், யூனிகோடில் தட்டியதை அவை ஏற்காது. ஃபோட்டோஷாப்பில் வேர்ல்டு-ரெடி லேஅவுட் (இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பு) போட்டிருப்பதால் 'கொ' உடைவதில்லை.

புள்ளிக்கு இடம்விட்டுப் பனி வரைந்த யூனிகோடு தமிழ் எழுத்துரு தெரிந்தால் சொல்லுங்கள். புள்ளியே பனித்துளியாக இருந்தால் இன்னும் அழகு. விலைக்கென்றாலும் பரவாயில்லை, அச்சிட்டு விற்க உரிமம் இருக்க வேண்டும்.