அதே பாட்டு, அதே வரிசை, அதே "திடீர்" நிறுத்தம்

கல்லூரி நாட்களிலிருந்து நான் உயிராக நினைக்கும் ராக் இசைக்குழு அது. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் பாசம் இன்னும் போகவில்லை. லண்டனுக்கு வேலைக்கு வந்த பிறகு, அவர்கள் இங்கிலாந்தில் எங்கே வாசித்தாலும் போய்விடுவேன். கடைசிச் சுற்றுப்பயணத்தில் லண்டன், அப்புறம் மான்செஸ்டர் என இரண்டுக்கும் டிக்கெட் எடுத்தேன்.

லண்டனில் பாடகர் ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்தினார். "இன்றைக்கு என்னவோ தோன்றுகிறது" என்று சொல்லி, கிடாரிஸ்ட்டின் தோளில் கைபோட்டு, முதல் ஆல்பத்துப் பாட்டு ஒன்றை வெறும் கிடாரோடு பாடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மான்செஸ்டரிலும் அதே பாட்டு அதே வரியில் நின்றது. அதே வாக்கியம், அதே தோள், அதே பழைய பாட்டு. பக்கத்தில் நின்ற பையன் அழுதுகொண்டிருந்தான். அவனிடம் எதுவும் சொல்ல மனம் வரவில்லை.

ஹிட் பாட்டுகள் திரும்ப வருவதில் எனக்கு வருத்தமில்லை. முதல்முறை வருபவர்களுக்கு அவை வேண்டும். ஸ்டேடியம் நிகழ்ச்சியின் சிக்கலும் தெரியும். திரைக்காட்சி, விளக்கு, லேசர் எல்லாம் டைம்கோடில், அதாவது முன்பே குறித்த நேரக் கணக்கில், ஓடுகின்றன. டிரம்மர் காதில் தாள வேகத்தைக் காட்டும் 'டிக் டிக்' ஒலி, அதாவது கிளிக் டிராக், கேட்டுக்கொண்டே இருக்கும், அந்த வேகத்தை விட்டு விலகினால் திரையில் ஓடும் படம் பாட்டோடு ஒட்டாது. புதிதாக ஒரு பாட்டைச் சேர்த்தால் அதற்கும் இதையெல்லாம் முன்கூட்டியே அமைக்க வேண்டும்.

ஆனால் ஸ்டேடியங்களில் வாசிக்கும் மெட்டாலிகா குழுவுக்கும் இதே சிக்கல்தானே? 2023-இல் தொடங்கிய எம்72 சுற்றுப்பயணத்தில், ஒரே ஊரில் இரண்டு இரவு வாசித்தால் ஒரு பாட்டும் திரும்ப வராது என்று வைத்துக்கொண்டார்கள். அந்த ஜூனில் டோனிங்டனில் நடந்த டவுன்லோடு விழாவிலும் அப்படியே செய்தார்கள். பேர்ல் ஜாம் என்ற ராக் குழு இரவுக்கு இரவு பாட்டுப் பட்டியலை மாற்றுகிறது. பிஷ் என்ற குழு 2017-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகளில் 237 பாட்டு வாசித்தது, ஒன்றுகூடத் திரும்பவில்லை! சரி, பிஷ் ஒரு ஜாம் பேண்ட், மேடையிலேயே பாட்டை நீட்டி, மாற்றி வாசிக்கும் குழு, அவர்கள் வழி வேறு. எங்கள் குழுவிடம் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை.

என்னை அதிகம் வாட்டியது வேறொன்று. மான்செஸ்டரில் மதியம் வரிசையில் நிற்கும்போது உள்ளே சவுண்ட்செக், அதாவது நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் ஒத்திகை, நடந்தது. மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, நான் மேடையில் ஒருமுறைகூடக் கேட்டிராத பாட்டு, சுவர் தாண்டி வந்தது. முழுசாக வாசித்தார்கள். நடுவில் டிரம்மர் வேகத்தைக் கூட்ட, கிடார் துரத்தியது. பாடகர் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். வரிசையில் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்டோம். இரவு அது பட்டியலில் இல்லை.

கைவசம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. இருபது பாட்டில் இரண்டு இடத்தைத் திறந்து விட்டால் போதும், அந்த இரண்டுக்குத் திரையை அணைத்துவிடலாம். அதுவும் முடியாதென்றால், பாதியில் நிறுத்தும் அந்த நடிப்பையாவது விட்டுவிடலாம். அடுத்த சுற்றுப்பயணத்துக்கு ஒரே ஊருக்குத்தான் டிக்கெட் எடுப்பேன்.