மறு: மறு: தைராய்டு 'அளவு' – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், மதுரை

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் தேவைப்படுகிறது. ஒரு மருத்துவக் கல்லூரியில், நோய் எதுவும் இல்லாத, பிறந்து சில நாளே ஆன குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுத்து, தைராய்டு சுரப்பி எவ்வளவு பெரிது என்று அளக்கப் போகிறார்கள். பெற்றோருக்கான தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழில் வேண்டும். நெறிமுறைக் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. நான் எழுதும் தமிழை வேறொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி, மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள்.

'தைராய்டு அளவு' என்று வைத்து, எதிர்வீட்டு அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "ரத்தம் எடுத்துப் பாக்கறதுதானே? எனக்குக்கூட அளவு கூடியிருந்துச்சு, மாத்திரை போட்டதும் இறங்கிடுச்சு" என்றார். உருவம், மருந்தின் வீதம், ரத்தத்தில் உள்ள மதிப்பு எல்லாவற்றுக்கும் நம்மிடம் அளவு ஒன்றுதான். என்ன செய்யலாம்?

அனுப்பியவர்: குழந்தை மருத்துவர், திருநெல்வேலி

அம்மா, சிக்கல் 'அளவு' என்ற சொல்லில் மட்டும் இல்லை. 'தைராய்டு' என்பதே நம் மக்களிடம் நோயின் பெயராகிவிட்டது. "அத்தைக்கு தைராய்டு இருக்கு" என்றால், சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு என்பது மாதிரிதான். உறுப்புக்கு அந்தப் பெயர் என்பது பலருக்கு நினைவிலேயே இல்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். குதிகாலில் எடுத்த ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அதிகமாக வந்த ஒரு குழந்தைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சுரப்பி அதன் இடத்தில், சரியான உருவத்தில் இருந்தது. பயிற்சி மருத்துவர் மகிழ்ச்சியோடு வெளியே வந்து, "குழந்தைக்கு தைராய்டு இருக்கும்மா, ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு" என்றார். பாட்டி அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அவருக்குக் கிடைத்தது நல்ல செய்தி என்று புரியவைக்கக் கால் மணி நேரம் பிடித்தது.

எதற்கு அளக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல் தேட உதவும். பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சுரப்பி உருவாகாமல் போயிருக்கும், சிறுத்திருக்கும், அல்லது கழுத்துக்கு இறங்கி வராமல் நாக்கின் அடியிலேயே தங்கியிருக்கும். சிறிது, பெரிது என்று சொல்ல வேண்டுமானால் நலமான குழந்தைக்கு எவ்வளவு இருக்கும் என்று தெரிய வேண்டுமே! ஸ்காட்லாந்தில் நலமாகப் பிறந்த 100 குழந்தைகளை இப்படி அளந்து 2002இல் வெளியிட்டார்கள். சுரப்பியின் இரண்டு பக்கப் பகுதிகளை மடல் என்போம். ஒரு மடலின் நீளம் 2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அகலமும் ஆழமும் 1 செ.மீ.க்குள். ஒரு மடல் சுமார் 0.8 மி.லி., இரண்டும் சேர்ந்தால் 1.6 மி.லி. வேறு நாடுகளில் இதைவிடக் குறைவாகவும் கிடைத்திருக்கிறது. தாய்க்குக் கிடைத்த அயோடின், அளப்பவரின் கை, கணக்குப் போடும் முறை எல்லாம் சேர்ந்து எண்ணை மாற்றும். அதனால் ஸ்காட்லாந்து எண்ணைத் தூக்கி நம் குழந்தைக்கு அப்படியே வைக்க முடியாது.

ஆக, நமக்கு வேண்டியது 'வால்யூம்' என்பதற்கு ஒரு சொல்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

அன்புடையீர்,

நோய்க்கும் உறுப்புக்கும் ஒரே பெயர் வந்ததால் குழப்பம் என்கிறீர்கள். அப்படியானால் உறுப்புக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுவதுதானே முறை? கேடயச் சுரப்பி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. பாட்டி அழுததற்குக் காரணம் நாம் அதைப் புழங்க விடாததுதான்.

கிரேக்கத்தில் 'தூரெயோசு' என்றால் ஆளை மறைக்கும் நீண்ட கேடயம். அது 'தூரா', அதாவது கதவு, என்பதிலிருந்து வந்தது. கதவளவு பெரிய கேடயம் என்பதால் அந்தப் பெயர். இந்தத் 'தூரா'வுக்கும் நம் 'திற' என்பதற்கும் ஒலியுறவு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. திற, திறவு, துற, துளை என்று விரியும் வேர் அது என்பது என் ஊகம். துவாரத்தை வடசொல் என்று ஒதுக்குகிறோம், அதையும் துளையோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கேடயம் வேண்டாம் என்றால் கிடுகு இருக்கிறது, பரிசை இருக்கிறது. சங்கப் பாட்டில் தோல் என்பதற்குக் கேடயம் என்ற பொருளும் உண்டு. கிடுகுச் சுரப்பி என்று சொல்லிப் பாருங்கள், நாவில் எவ்வளவு எளிதாக நிற்கிறது!

இன்னொன்று. எல்லோரும் 'தைராய்டு சுரப்பி' என்று வலி மிகாமல் எழுதுகிறீர்கள். இருபெயரொட்டுப் பண்புத்தொகை, வலி மிகும். அயற்சொல்லானாலும் 'தைராய்டுச் சுரப்பி' என்றே எழுதுங்கள்.

அனுப்பியவர்: ஆசிரியை, யாழ்ப்பாணம்

ஐயா, கிடுகு எண்டால் எங்கட ஊரில தென்னோலை பின்னிக் கூரை வேயிற கிடுகுதான். என்ர மாணவர்களிடம் கிடுகுச் சுரப்பி என்று சொன்னால் அவர்கள் கூரையைத்தான் பார்ப்பார்கள். தோல் சுரப்பி என்றால் வியர்வைச் சுரப்பி என்று விளங்கிக்கொள்வார்கள்.

'வால்யூம்' என்பதற்கு எங்கள் பாடநூல்களில் கனவளவு. சேர்த்து எழுதுவோம். அது போதுமானது.

இந்த ஸ்கேன் 'அல்ட்ராசவுண்ட்' தானே, அதற்கும் சொல் வேண்டும். 'அல்ட்ரா' என்பதற்கு எங்களிடம் கழி. புற ஊதாவை நாங்கள் கழியூதா என்போம், அதே வரிசையில் கழியொலி. இந்தியாவில் எழுதும் மீயொலி எனக்கு விளங்கும். ஆனால் ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்துக்கும் மீயொலி விமானம் என்றுதானே எழுதுகிறீர்கள்? வேகம் மிகுந்ததும் அதிர்வெண் மிகுந்ததும் ஒன்றல்ல.

அனுப்பியவர்: இயற்பியல் ஆசிரியர், கோவை

ஆசிரியை சொல்வது நியாயம். மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். பச்சிளங்குழந்தையின் கழுத்துக்கு வைக்கும் கருவி நொடிக்கு ஒரு கோடி அதிர்வு என்ற கணக்கில் வேலை செய்கிறது. இது வேகத்தைப் பற்றிய பேச்சே இல்லை. எனக்குப் பிடித்தது கேளாஒலி. கேட்காத ஒலி, அவ்வளவுதான், சிறுவனுக்கும் புரியும். ஆனால் நம் பாடநூலில் மீயொலி உட்கார்ந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வில் அதைத்தான் எழுத வேண்டும்.

கழியொலி மட்டும் இங்கே வேண்டாம். இந்தப் பக்கம் கழி என்றதும் கழிவு, கழிப்பறை என்றுதான் காதில் விழும்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

கழிபேருவகை என்று எழுதும்போது கழிப்பறை நினைவுக்கு வருகிறதா? சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆறும் மிகுதி என்னும் பொருளுக்குரியவை என்பது நன்னூல். அதற்கும் முன்பே தொல்காப்பியர் 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்று கழிவையே சிறப்புப் பொருளில் ஆண்டிருக்கிறார். உரிச்சொல்லைக் கழிப்பறையில் தள்ளிவிட்டு, பிறகு தமிழில் சொல் இல்லை என்று அழுவது நம் வழக்கமாகிவிட்டது. யாழ்ப்பாணத்தார் காத்து வைத்திருப்பதை நாம் கொண்டாட வேண்டும்.

பச்சிளங்குழந்தை என்பதும் எனக்கு உடன்பாடில்லை. மக்களின் இளமைக்குக் குழவி, மகவு இரண்டையுமே தொல்காப்பிய மரபியல் விதிக்கிறது.

அனுப்பியவர்: ஸ்கேன் மையத் தொழில்நுட்பர், சேலம்

வணக்கம். நான் இந்தக் குழுவில் படிக்க மட்டும் செய்பவன். இப்போது எழுத வேண்டும் போலிருக்கிறது.

ஸ்கேனுக்கு வரும் அம்மாக்களில் ஒருவர்கூட மீயொலி என்று கேட்டதில்லை. எல்லோருக்கும் 'ஸ்கேன்'. அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "கதிர் ஏதும் படுமா, குழந்தைக்கு ஆகாதா?" தாளில் அதற்குப் பதில் இருக்க வேண்டும். இதில் கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது.

எப்படி எடுக்கிறோம் என்பதையும் எழுதினால் பயம் போகும். பால் குடித்துத் தூங்கும் நேரம் பார்த்து எடுப்போம். தோளுக்கு அடியில் மடித்த துணியை வைத்தால் தலை லேசாகப் பின்னால் சாய்ந்து கழுத்து தெரியும். பச்சைக் குழந்தைக்கு ஏது கழுத்து? மடிப்பு மடிப்பாகத்தான் இருக்கும். ஜெல்லைச் சூடு காட்டித் தடவ வேண்டும், சில்லென்று பட்டால் விழித்துக்கொள்ளும். திரையில் நடுவில் மூச்சுக்குழாய், அதன் இரண்டு பக்கமும் சுற்றியுள்ள தசையைவிட வெளுப்பாக இரண்டு மடல்கள், அதற்கும் வெளியே துடிக்கிற ரத்தக்குழாய்கள். குறுக்கே வைத்து அகலமும் ஆழமும், நெடுக்கே திருப்பி நீளமும். குழந்தை அழுதால் எல்லாம் ஆடிவிடும், மறுபடி முதலிலிருந்து. மூன்றையும் பெருக்கி 0.523ஆல் பெருக்கினால் ஒரு மடலின் வால்யூம். சிலர் 0.479 போடுவார்கள். எதைப் போட்டோம் என்று எழுதாவிட்டால் இரண்டு ஊர்க் கணக்கை ஒப்பிடவே முடியாது.

கழுத்துச் சுரப்பி என்று மட்டும் யாரும் வைத்துவிடாதீர்கள். நெறி கட்டியிருக்கிறதா என்று கேட்பார்கள். அதோடு பச்சைக் குழந்தைக்குத் தைமஸ் பெரிதாக, தைராய்டுக்குக் கீழேயே தெரியும். அதுவும் சுரப்பிதான்.

அனுப்பியவர்: குழந்தை மருத்துவர், திருநெல்வேலி

தம்பி, இந்த இழையில் வந்த மிகப் பயனுள்ள மடல் இது. அடிக்கடி எழுதுங்கள்.

தமிழாசிரியர் ஐயாவுக்கு ஒரு செய்தி. கேடயம் போலிருப்பது சுரப்பி இல்லை, அதற்கு மேலே இருக்கும் குரல்வளைக் குருத்தெலும்பு. 1656இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர், பக்கத்தில் இருப்பதால் அந்தக் குருத்தெலும்பின் பெயரையே சுரப்பிக்கும் வைத்தார். சுரப்பியின் உருவம் பட்டாம்பூச்சி மாதிரிதான். கேடயச் சுரப்பி என்று சொல்லி எந்தத் தாய்க்கும் எதையும் காட்ட முடியாது. நாளைக்கு அவர் மருந்துக் கடைக்குப் போனால் அங்கே தைராய்டு மாத்திரை என்றுதான் கேட்க வேண்டும். பிறவிக் குறைபாட்டுக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும், தள்ளிப்போனால் மூளை வளர்ச்சி பாதிக்கும். அந்த நேரத்தில் தாய்க்குத் தெரிந்த சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுச் சொல் கொடுப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

இனி 'வால்யூம்' என்பதற்கான சொல். பருமன் வேண்டாம். பாடநூலில் சரி, ஆனால் வெளியே உடல் பருமன்தான். கொள்ளளவு அணைக்கும் பானைக்கும் உரியது. கன அளவு ஓரளவு பரவாயில்லை.

அனுப்பியவர்: ஆசிரியை, யாழ்ப்பாணம்

டொக்டர், கன அளவு என்று பிரித்து எழுதினால் உங்கட ஊர் அம்மா எடை என்று நினைக்க மாட்டாவோ? கனம் என்றால் பாரம்தானே. எங்கட பக்கம் 'கன' என்றால் நிறைய: கன நாள், கன பேர். கனவளவு என்று சேர்ந்தால்தான் அது ஒரு சொல்லாக நிற்கும்.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், மதுரை

எல்லோருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு. குழுவில் பெரும்பாலோர் சொன்னதை வைத்துக் கோப்பை அனுப்பிவிட்டேன்.

பெற்றோர் தாளில் கலைச்சொல்லே இல்லை. 'கழுத்தின் முன்பக்கம் தைராய்டுச் சுரப்பி எல்லோருக்கும் இருக்கும். இது நோயின் பெயர் அல்ல. உங்கள் குழந்தையின் சுரப்பி எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று ஸ்கேன் மூலம் அளப்போம். இதில் கதிர்வீச்சு இல்லை.' எதிர்வீட்டு அக்கா வாசித்துவிட்டு, "அப்ப இது எல்லாருக்கும் இருக்கறதா?" என்று தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வலி மிகுந்த 'ச்' அப்படியே இருக்கிறது ஐயா. அது வந்ததும் சுரப்பி தைராய்டோடு ஒட்டி நிற்கிறது, எனக்கு நிறைவு.

மருத்துவர்களுக்கான பின்னிணைப்பில் 'தைராய்டுச் சுரப்பியின் கன அளவு', 'மீயொலி', 'பச்சிளங்குழந்தை'. கனவளவு என்று சேர்த்து எழுதவே எனக்கும் விருப்பம். கல்லூரியின் படிவ நடை பிரித்து எழுதச் சொல்கிறது.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

அம்மா, பெற்றோர் தாள் நன்றாக வந்திருக்கிறது, மனமாரச் சொல்கிறேன். ஆனால் பின்னிணைப்பு மருத்துவர்களுக்கானது. அங்கே எந்தத் தாயும் பயப்படப் போவதில்லை. கேடயச் சுரப்பியை அங்காவது வைத்திருக்கலாம். கதவு என்ற சொல்லையும் அடைப்பு, காப்பு என்ற பொருளில் ஆராய்ந்து தனி மடல் எழுதுகிறேன். குழுவின் தொகுப்பில் 'ஒருமனதாக' என்று பதியாமல், என் மறுப்பையும் சேர்த்துப் பதியுங்கள்.

அனுப்பியவர்: ஸ்கேன் மையத் தொழில்நுட்பர், சேலம்

பின்னிணைப்பைப் பார்த்தேன். இரண்டு மடலையும் இணைக்கும் நடுப்பகுதிக்கு 'இஸ்துமஸ்' என்றே விட்டிருக்கிறீர்கள். கன அளவில் அதைச் சேர்ப்பதில்லை, தடிமனை மட்டும் தனியாகக் குறிப்போம். ஆனாலும் கட்டம் இருக்கிறது, அதற்குப் பெயர் வேண்டுமே. புவியியல் புத்தகத்தில் பூசந்தி என்று படித்த ஞாபகம். அது இங்கே பொருந்துமா?

அனுப்பியவர்: ஆசிரியை, யாழ்ப்பாணம்

பூ என்றால் நிலம், கழுத்தில் நிலம் ஏது தம்பி? இடைப்பாலம் என்று வைக்கலாம். கும்பகோணம் ஐயா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.