பான்ஃப் ஸ்டேக்ஹவுஸ் டின்னர்: போய் வந்தவர்கள் அனுபவம்

எட்மண்டனிலிருந்து:

கோடையில் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து மலை ஊரான பான்ஃப் போகிறவர்கள் ஹோட்டல் அறையைப் பனிக்காலத்திலேயே போட்டு வைத்துவிடுகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் அன்று சாயங்காலம் பான்ஃப் அவென்யூவில் நடந்துகொண்டே கடை தேடுகிறார்கள். ஜூலை மாதம் ஏழு மணிக்கு, மாட்டிறைச்சியைப் பெரிய துண்டுகளாகச் சுட்டுத் தரும் ஒரு நல்ல ஸ்டேக்ஹவுஸ் வாசலில் போய் நின்றால் "ஒன்பதே முக்காலுக்குப் பரவாயில்லையா?" என்பார்கள். குழந்தைகளோடு போனவர்கள் அதற்கு என்ன பதில் சொல்வது? இரண்டு மூன்று வாரம் முன்பே ஆன்லைனில் டேபிள் போட்டுவிடுங்கள்.

எத்தனை மணிக்குப் போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்தக் காரில் போக முடியாது. லேக் லூயீஸ் பனிச்சறுக்கு மையத்தில் காரை விட்டுவிட்டு, தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் பஸ்ஸில்தான் பலரும் போகிறார்கள். திரும்பி வரும் பஸ்ஸுக்கும் வரிசை நிற்கும். அதற்குப் பிறகு லேக் லூயீஸிலிருந்து பான்ஃப் வர கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். வீட்டில் எல்லோரும் ஆறு மணி என்றார்கள், நான் பிடிவாதமாக எட்டு மணிக்குப் போட்டேன். அறைக்கு வந்து, ஆளுக்கொரு குளியல் போட்டு, நிதானமாக நடந்தே போனோம். ஜூன், ஜூலையில் அங்கே சூரியன் மறைய ஏறக்குறைய பத்து மணி ஆகிவிடும். எட்டு மணிக்கு உட்கார்ந்தாலும் ஜன்னல் பக்கம் கிடைத்தால் காஸ்கேட் மலைமேல் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் போகிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ். நாலரை மணி வாக்கில் இருட்டத் தொடங்கிவிடும், ஐந்தரைக்கே டேபிள் போடலாம்.

பல இடங்களில் புக் பண்ணும்போதே கிரெடிட் கார்டு எண் கேட்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் இருந்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் லேக் லூயீஸ் ஊரில் இருக்கும்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், மொரெய்ன் ஏரிப்பக்கம் சிக்னலை நம்ப முடியாது. உடைக்குக் கவலை வேண்டாம். கோட் சூட் கேட்கிற ரகம் இல்லை, ஜீன்ஸும் சுத்தமான சட்டையும் போதும். ட்ரெக்கிங் ஷூவோடு வந்தவர்களையும் நல்ல மேசையில்தான் உட்கார வைத்தார்கள்.

ஸ்காபுறோவிலிருந்து:

நாங்கள் போனது எட்டுப் பேர். மாமியும் அவவின்ர தங்கச்சியும் மாடு தொடமாட்டினம், கோழி மீன் பிரச்சினை இல்லை. மற்றவைக்கு ஸ்டேக்தான் வேணும். இப்பிடிக் கலந்த குடும்பம் எண்டால், மெனுவில சால்மன் இருக்குதுதானே எண்டு நம்பிப் போகாதேங்கோ. மீன் சரி, அதோட வாற சாமான்களில்தான் மாடு ஒளிஞ்சிருக்கும். வெங்காய சூப் மாட்டெலும்பு அவிச்ச தண்ணியில செய்வினம். உருளைக்கிழங்கு மசியலுக்கு மேல ஊத்துற கிரேவியும் அப்பிடித்தான். சில இடங்களில ஃப்ரைஸ் பொரிக்கிறதே மாட்டுக் கொழுப்பில.

மகள் புக் பண்ணேக்க குறிப்பில எழுதினவள், பிறகு முதல்நாள் போன் எடுத்தும் கேட்டவள். கடைக்காரர் ஒண்டையும் ஒளிக்கேல்ல. ஃப்ரைஸ் தாவர எண்ணெய்தான், ஆனால் மாடும் மீனும் சுடுற கிரில் ஒண்டுதான் இருக்கு, வேணுமெண்டால் மீனைத் தனிச் சட்டியில செய்து தாறம் எண்டு சொன்னவை. அப்பிடியே செய்தும் தந்தவை. பரிமாற வந்த பெடியன் ஆஸ்திரேலியாவில இருந்து ஒரு சீசன் வேலைக்கு வந்து நிக்கிறவன். மாமி திரும்பத் திரும்பக் கேட்டும் முகம் சுழிக்காமல் குசினிக்குள்ள போய் விசாரிச்சுக்கொண்டு வந்தான். "மீனில உப்புமில்லை உறைப்புமில்லை, ஆனால் பெடியன் நல்லவன்" எண்டுதான் மாமியின்ர தீர்ப்பு. எங்களோட வந்த முஸ்லிம் சிநேகிதர் ஹலால் இருக்கோ எண்டு கேட்டவர். இல்லை எண்டு போனிலயே சொல்லிப்போட்டினம், அவரும் மீன்தான்.

இன்னொண்டு. எட்டுப் பேர் எண்டபடியால் 18 வீதம் டிப்ஸ் பில்லிலயே போட்டுத்தான் வந்தது. என்ர மனுசன் அதுக்கு மேல கார்ட் மெஷினிலயும் டிப்ஸ் அடிக்க வெளிக்கிட்டார், மகள்தான் கையைப் பிடிச்சு நிப்பாட்டினாள்.

கால்கரியிலிருந்து:

ஸ்டேக்ஹவுஸ் பற்றிப் பேசுகிறோம், ஸ்டேக்கைப் பற்றி இதுவரை யாரும் வாயே திறக்கவில்லை!

நம் ஆட்களில் இரண்டு கட்சி உண்டு. கறி என்றால் நன்றாக வெந்திருக்க வேண்டும் என்று வெல் டன் கேட்பவர்கள் ஒரு கட்சி. இணையத்தில் பார்த்துவிட்டு, உள்ளே சிவப்பாக இருக்கும் மீடியம் ரேர் தவிர மற்றதெல்லாம் பாவம் என்று சொல்லி, தட்டு வந்ததும் சிவப்பைப் பார்த்து முகம் மாறுபவர்கள் இன்னொரு கட்சி. அந்தச் சிவப்புச் சாறு ரத்தம் இல்லை. தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த தண்ணீர்தான்.

முதல்முறை சாப்பிடுகிறவர்கள் விலாப் பக்கத்துக் கறியான ரிப்ஐ வாங்கி, நடுத்தர வேக்காடான மீடியம் என்று சொல்லுங்கள். ரிப்ஐயில் கொழுப்பு கறிக்குள்ளேயே வெள்ளை இழைகளாக ஓடும். அது உருகக் கொஞ்சம் சூடு வேண்டும், அதனால் மீடியத்தில் அது கெட்டுப்போகாது. டெண்டர்லாயின் என்ற துண்டு மெத்தென்று இருக்கும், விலையும் அதிகம், ஆனால் கொழுப்பு குறைவு. அதைப் போய் வெல் டன் கேட்டால் காசைக் கரியாக்குவதுதான். கனடாவில் அந்தக் கொழுப்பு இழை எவ்வளவு என்று பார்த்துத்தான் மேல்தரங்களைப் பிரிக்கிறார்கள்: பிரைம், அடுத்து டிரிபிள் ஏ, டபுள் ஏ, ஏ. மெனுவில் 'ஆல்பர்ட்டா மாட்டிறைச்சி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதோடு மயங்கிவிடாமல் எந்தத் தரம் என்று கேளுங்கள்.

வட அமெரிக்கக் காட்டெருமையான பைசனும் சில கடைகளில் கிடைக்கும். மாட்டைவிடக் கொழுப்பு குறைவு, மீடியம் ரேரைத் தாண்டினால் வறண்டுவிடும். நன்றாக வெந்ததுதான் வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். பிரைம் ரிப் என்பது பெரிய துண்டாக ஓவனில் மெதுவாக வேகவைத்து அறுத்துத் தருவது. ஒரு ராத்திரிக்கு இவ்வளவுதான் என்று அளவாகச் செய்வார்கள், எட்மண்டன்காரர் மாதிரி எட்டு மணிக்குப் போனால் தீர்ந்திருக்கவும் கூடும். 12 அவுன்ஸ் என்று போட்டிருப்பது சமைப்பதற்கு முந்தைய எடை, சுமார் 340 கிராம். டோமஹாக் நீளமான எலும்போடு வரும், எலும்பின் எடைக்கும் சேர்த்துத்தான் காசு. போட்டோவுக்கு நன்றாக இருக்கும், எனக்கு அதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியவில்லை.

வெல் டன்தான் வேண்டும் என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் கூட வந்திருந்தால் ஒன்று கவனியுங்கள். ஸ்டேக்கின் உள்வெப்பம் குறைந்தது 63 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது கனடாவின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா. மீடியம் ரேர் பெரும்பாலும் அதற்குக் கீழேதான், 55 பக்கம். பிள்ளைக்கு பர்கர் வாங்கினால் அரைத்த கறிக்கு 71 டிகிரி. மேற்பரப்பில் இருக்கும் கிருமி அரைக்கும்போது உள்ளே கலந்துவிடும் என்பதால் அந்த வித்தியாசம்.

மிசிசாகாவிலிருந்து:

விலையை எல்லோரும் நாசூக்காக விட்டுவிட்டீர்கள். நாங்கள் போன இடத்தில் நல்ல ஸ்டேக் ஒன்று 60 டாலருக்கு மேல், தொட்டுக்கொள்ளக் காய்கறி, கிழங்கு எல்லாம் தனிக்காசு. நாலு பேருக்கு வரி சேர்க்காமலே 300 டாலர். ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது, ஜி.எஸ்.டி. 5 சதவீதம் மட்டும். ஒன்டாரியோவில் 13 கட்டிப் பழகிய வயிறு குளிர்ந்தது. அப்புறம் பார்த்தால் 'சுற்றுலா மேம்பாட்டுக் கட்டணம்' என்று 2 சதவீதம் பில்லில் உட்கார்ந்திருக்கிறது. இது அரசு வரி இல்லை, அங்குள்ள வணிகர்கள் வாங்குவது, எல்லாக் கடையிலும் இருக்காது. மெஷின் இதெல்லாம் சேர்ந்த தொகைக்குத்தான் டிப்ஸ் சதவீதம் போடுகிறது. 18 அமுக்கினேன், 380-க்குக் கொஞ்சம் கீழே நின்றது.

அங்கே மது அருந்த 18 வயது போதும், நம் ஊரில் 19. பையன் அதை எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறான். என் எதிரிலேயே ஒரு பியர் சொன்னான், அதுவும் அந்த 300-க்குள் அடக்கம்.

ரெஜைனாவிலிருந்து:

டனல் மவுண்டன் முகாமில் கூடாரம் போடுகிறவர்கள் கவனிக்க. எங்களால் முழு ஸ்டேக்கையும் முடிக்க முடியவில்லை, பாதியை டப்பாவில் கட்டி வாங்கி வந்தோம். அந்த டப்பாவைக் கூடாரத்துக்குள் வைக்கக்கூடாது, வெளியே மேசையிலும் வைக்கக்கூடாது. பூட்டிய காரில், இல்லையென்றால் முகாமில் உள்ள இரும்புப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கரடி ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதன் உயிருக்குத்தான் ஆபத்து. பக்கத்துக் கூடாரத்தார் மேசையில் விட்டுப் போன கூலரைப் பார்க்ஸ் ஊழியர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஒரு சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. காட்டு விலங்குக்குத் தீனி கொடுத்து மாட்டினால் அபராதம் 25,000 டாலர் வரை போகலாம்.

காலையில் அந்தப் பாதி ஸ்டேக்கை மெல்லிசாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், நிறைய மிளகுத்தூள் போட்டுப் பிரட்டி ரொட்டியோடு சாப்பிட்டோம். ராத்திரி தட்டில் வந்ததைவிட எனக்கு அதுதான் பிடித்தது. கால்கரிக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கால்கரியிலிருந்து:

கோபம் இல்லை. எந்தக் கட் என்று மட்டும் சொல்லுங்கள். டெண்டர்லாயின் என்றால் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.