12 சித்திரமா, 24ஆ? விமர்சகர்களுக்குக் கண் எங்கே?

உப்புவெளியான்:
ஒரு விமர்சகர் எழுதியதைப் படித்ததிலிருந்து இரத்தம் கொதிக்கிறது. ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகாஹாத்தாவின் ‘இளவரசி ககுயாவின் கதை’ (2013) என்ற அனிமேஷன் படத்தில் அவள் விருந்திலிருந்து ஓடுகிற காட்சி கிறுக்கலாம், முடிக்காமல் விட்டதாம். கையால் கீறுகிற படங்களில் விநாடிக்கு 12 சித்திரம்தானாம், அது சிக்கனமாம். ஐயா, உடுப்புகளை ஒவ்வொன்றாக எறிந்துகொண்டு அவள் ஓடும்போது கோடு கரித்துண்டால் இழுத்ததுபோல் முரடாகிறதே, அதுதான் அவளுடைய ஆத்திரம். முகமே கலைந்துபோகிறது. துப்புரவாகக் கீறியிருந்தால் ஒரு பெண் ஓடுகிறாள், அவ்வளவுதான்.

நிலாவெளி நண்டு:
அது இருக்கட்டும் அண்ணை. 12 என்பது பொய்யா? திரையில் விநாடிக்கு ஓடுவது 24 பிரேம், அதாவது 24 நிலைப்படம். பாதிதானே கீறுகிறார்கள்?

உப்புவெளியான்:
ஒரு சித்திரத்தை இரண்டு பிரேமுக்குப் பிடிப்பார்கள். டிஸ்னியிலும் அந்த வழக்கம் உண்டு. வேகமான அசைவு என்றால் 24ம் கீறுவார்கள். எங்கே எதைப் போடுவது என்பதில்தான் கீறுகிறவனின் கை தெரியும்.

நிலாவெளி நண்டு:
ஆக, பாதி. ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

உப்புவெளியான்:
நான் எங்கே ஒத்துக்கொண்டேன்? மிருதங்கத்தில் எத்தனை அடி விழுந்தது என்று எண்ணிக் கச்சேரிக்குப் புள்ளி போடுகிற ஆள் நீங்கள்.

கோணமலைப் பேரன்:
1988இல் ‘ரொஜர் ராபிட்’ படத்துக்கு ரிச்சர்ட் வில்லியம்ஸ் 24 கீறுவித்தாரே. அவருக்கென்ன விசரா?

உப்புவெளியான்:
தம்பி, ரொஜர் என்கிற அந்தக் கார்ட்டூன் முயல் நிற்பது உண்மையான மனிதர்களுக்குப் பக்கத்தில். கமராவும் நகர்கிறது. 12 போட்டால் முயல் நிலத்தில் ஒட்டாமல் வழுக்கும். தேவைக்காகச் செய்ததை வைத்து எல்லோருக்கும் சட்டம் போடாதீர்கள்.

நிலாவெளி நண்டு:
12 வழுக்கும். நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

உப்புவெளியான்:
வாசிக்கத் தெரியுமா உங்களுக்கு? டிஸ்னி ‘பாம்பி’ (1942) என்ற மான்குட்டிப் படத்தை எடுத்தபோது உயிருள்ள மான்களை ஸ்டூடியோவுக்கே கொண்டுவந்து பார்த்துக் கீறினார்கள். நமக்குத் திருகோணமலைப் பிரட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான் சும்மா நிற்கிறது. போய்ப் பாருங்கள். கழுத்தைத் திருப்பும், அப்படியே உறையும், திடீரென்று பாயும். அந்த உறைந்த நிலைக்கு 24 சித்திரம் எதற்கு?

மூதூர் மச்சான்:
கோட்டை மான் பொலித்தீன் தின்கிறது. அதை எழுத ஒருவருமில்லை, ஜப்பான் படத்துக்கு மட்டும் சண்டை.

உப்புவெளியான்:
அதற்கு வேறு இழை திறவுங்கள்.

கோணமலைப் பேரன்:
அவ்வளவு நல்ல படமென்றால் ஒஸ்கார் ஏன் கணினியில் செய்த ‘பிக் ஹீரோ 6’க்குப் போனது?

உப்புவெளியான்:
2003இல் ‘ஸ்பிரிட்டட் அவே’க்குக் கொடுத்தார்களே, அது கையால் கீறியதில்லையா? விருதைக் காட்டி வாதாடுகிறவர்களோடு எனக்குக் கதையில்லை.

நிலாவெளி நண்டு:
கதையில்லையாம், இந்தப் பக்கத்தில் பாதி இவருடையதுதான். போன வருடம் படம் காட்டுகிறேன் என்று எங்களைக் கூப்பிட்டுவிட்டு ப்ரொஜெக்டர் இல்லாமல் உட்கார வைத்ததும் இவர்தான்.

உப்புவெளியான்:
ப்ரொஜெக்டர் இருந்தது. வயர் கொண்டுவருவதாகச் சொன்னது யார்?

மூதூர் மச்சான்:
வயர் என்னிடம்தான் இருந்தது. நேரத்தை மாற்றியதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.