விடிந்தால் ஸ்கூல், தூக்கம் வரவில்லை. எழுந்து ரெக்கார்டு எழுதலாமா?

பட்டாசல்_பூனை | இரவு 2:10

பிளஸ் டூ படிக்கிறேன், அம்பாசமுத்திரம் பக்கம். அரையாண்டு லீவு ஒன்பது நாளும் முடிந்தது. பத்தரைக்கே விளக்கை அணைத்துப் படுத்தவள் இன்னும் புரண்டுகொண்டுதான் இருக்கிறேன். மார்கழிக் குளிருக்கு அம்மா ஃபேனை நிறுத்திவிட்டாள். அந்தச் சத்தம் இல்லாததால் அப்பா குறட்டை, ஃப்ரிட்ஜ் உறுமல், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறது. ஐந்து மணிக்குக் கோயில் ரேடியோ போட்டுவிடுவார்கள். இப்போது தூங்கினாலும் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கைப் போடப் போட இன்னும் முழிப்புத் தட்டுகிறது.

லீவில் ஆறு நாள் ஆச்சி வீட்டில் இருந்தேன். பிசான நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை. பிசிக்ஸ் ரெக்கார்டைப் பையில் வைத்துக் கொண்டுபோய், பிரிக்காமல் அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். தினமும் ராத்திரி இரண்டு வரை முழிப்பு, காலையில் பத்தரைக்கு எழுந்திருப்பது. ஆச்சி எட்டரைக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்துவிடுவாள். ஒருநாள் நான் பாத்ரூம் போய்விட்டு வரும்போது பட்டாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, நீ இப்பதான் எந்திரிச்சியா, இல்ல இன்னும் படுக்கவே இல்லையா?" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் ஒரு வாய் இடித்துக் கொடுத்தாள்.

நேற்றும் இன்றும் உட்கார்ந்து எழுதினேன். இடது பக்கத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் படம். மூன்று தடவை அழித்ததில் தாள் பஞ்சாகிவிட்டது, உள்ளங்கை ஓரமெல்லாம் பென்சில் கரி. இன்னும் மூன்று எக்ஸ்பெரிமென்ட் பாக்கி.

ஆனால் தூக்கம் போனது ரெக்கார்டால் என்று தோன்றவில்லை. இனி எனக்கு அரையாண்டு லீவு என்று ஒன்று கிடையாது. பிப்ரவரியில் பிராக்டிகல், மார்ச்சில் பப்ளிக், அப்புறம் எங்கள் பெஞ்சில் இருக்கிற நான்கு பேரும் நான்கு ஊர். அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று மாமா கேட்டபோது நர்சிங் என்றேன். சித்தி கேட்டபோது பி.எஸ்சி. மேத்ஸ் என்றேன். பயோ மேத்ஸ் குரூப் என்பதால் இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள். இரண்டுமே அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. பகலில் இதெல்லாம் ஞாபகத்துக்கே வருவதில்லை.

இனிமேல் தூங்கப் பார்ப்பதா, எழுந்து ரெக்கார்டை முடித்துவிட்டு அப்படியே ஸ்கூலுக்குக் கிளம்புவதா? சொல்லுங்கள்.

வேப்பங்காய் | 2:24

முதலில் போனை வை. நாங்கள் படிக்கும்போது ஒன்பது மணிக்கு மேல் லைட் எரிந்தால் முதுகில் விழும்.

பட்டாசல்_பூனை | 2:26

அண்ணாச்சி, நீங்களும் 2:24க்குத்தான் பதில் போட்டிருக்கிறீர்கள்.

நைட்_டூட்டி | 2:41

தங்கச்சி, நான் நர்ஸ், வார்டில் இருந்து எழுதுகிறேன். விடிய விடிய முழிக்காதே. இரண்டு மணி நேரம் கிடைத்தாலும் லாபம்.

உன் வயதில் உடம்புக்குள் இருக்கிற கடிகாரமே பிந்தி ஓடும். தூக்கத்துக்கான மெலடோனின் சின்னப் பிள்ளைகளைவிட உங்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். வயதானவர்களுக்கு முந்திக்கொள்ளும், அதுதான் உன் ஆச்சிக்கு மூன்று மணி. கலிபோர்னியாவில் 2022இலிருந்து பெரும்பாலான ஹைஸ்கூல்கள் காலை 8:30க்கு முன்னால் தொடங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நீ வேறு லீவு முழுக்கப் பத்தரைக்கு எழுந்து அதை இன்னும் தள்ளிவிட்டிருக்கிறாய். திடீரென்று ஒரு நாள் பத்தரைக்குப் படுத்தால் உடம்பு எப்படிக் கேட்கும்?

போனை எட்டாத இடத்தில் வை, மணி பார்க்காதே. புரண்டு புரண்டு எரிச்சல் வந்தால் எழுந்து சும்மா உட்கார், மறுபடி கண் சொக்கும்போது படு. ரெக்கார்டு மட்டும் வேண்டாம், அது உன்னை முழுசாக எழுப்பிவிடும். காலையில் எழுந்ததும் வாசலிலோ மொட்டைமாடியிலோ கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நில். கடிகாரத்தை முன்னால் இழுப்பது அதுதான். ஸ்கூல் விட்டு வந்ததும் கண்ணைச் செருகும், அப்போது படுத்துவிட்டால் ராத்திரி இதே கதை. சாயங்காலக் காபியும் வேண்டாம், குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதில் பாதி உடம்பிலேயே இருக்கும்.

அப்புறம், நர்சிங் என்று சொல்வதற்கு முன் ஒரு நைட் டூட்டி என்னோடு வந்து பார். ஆறாம் பெட்டில் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

சாக்பீஸ்_தூள் | 3:05

நான் பிசிக்ஸ் வாத்தியார். வேறு மாவட்டம், பயப்படாதே அம்மா. எனக்கும் விடிந்தால் ஸ்கூல்தான். அரையாண்டுத் தாள் நாற்பது, கட்டுப் பிரிக்காமல் ஒன்பது நாளும் பீரோ மேலேயே இருந்தது. இப்போதுதான் இறக்கினேன், ஐந்து முடிந்திருக்கிறது. உள்ளே நுழைந்ததும் "பேப்பர் சார்" என்று கேட்பார்களே என்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

திறக்கிற அன்றைக்குப் பாதி வகுப்பு ரெக்கார்டு முடித்திருக்காது, என் அனுபவம். பஞ்சான தாளில் மறுபடி வரையாதே, வேறு தாளில் வரைந்து ஒட்டு. இந்த நேரத்தில் ரீடிங் எழுதினால் வெர்னியர் ஒன்றும் இரண்டும் இடம் மாறிப்போகும். எனக்கே மாறியிருக்கிறது, என் வாத்தியார் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டார்.

மாமாவுக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று சொன்னதெல்லாம் குற்றமில்லை. நான் என் அப்பாவிடம் விவசாயக் கல்லூரி என்று சொல்லி வைத்திருந்தேன்.

பட்டாசல்_பூனை | மறுநாள் இரவு 8:50

போனை அடுக்களையில் அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு வந்து படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கோயில் ரேடியோ காதில் விழவே இல்லை, அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினாள். அக்கா, மாடியில் நின்றேன். ஒரே பனி, வெயில் ஏழு மணிக்கு மேல்தான் வந்தது. சாயங்காலம் படுக்கவில்லை. இதை எழுதும்போதே கண் சொக்குகிறது.

எங்கள் பெஞ்சில் நான்கில் மூன்று பேர் நேற்றுத் தூங்கவில்லையாம். நான்காவது ஆள் ஒன்பதுக்கே தூங்கிவிட்டேன் என்கிறாள், நாங்கள் நம்பவில்லை.

பிசிக்ஸ் சார் ரெக்கார்டு கேட்கவில்லை. பேப்பரும் கொடுக்கவில்லை, அடுத்த வாரம் என்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

சாக்பீஸ்_தூள் சார், நிஜமாகவே வேறு மாவட்டம்தானே?