மறு: ‘தோற்ற நுகர்வு’ சரியா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,

கால்நடைப் பொருளாதாரம் படிக்கும் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘அப்பேரண்ட் கன்சம்ப்ஷன்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். நாட்டின் இறைச்சி உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, மிஞ்சியதை மக்கள் தின்றதாகக் கொள்ளும் கணக்கு அது. ‘தோற்ற நுகர்வு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?
செ.

---

அம்மா, ‘தோற்ற அணி’ என்று படித்துப் பழகிய பையன் ‘தோற்ற நுகர்வு’ என்றால் எதைத் தோற்றது என்றுதான் கேட்பான். வேண்டாம்.
மரு. க.

---

டாக்டர் சொல்வது சரி. மிஞ்சியதை வைத்து அறிவதால் ‘எச்ச நுகர்வு’ எனலாம். ‘எச்சத்தாற் காணப்படும்’ என்று குறளே வழி காட்டுகிறது. பரிமேலழகர் அங்கே எச்சத்துக்கு மக்கட்பேறு என்று பொருள் கொண்டார். ஆனால் எஞ்சி நிற்பது என்பதே வேர்ப்பொருள். பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் எஞ்சு என்னும் வினையிலிருந்து வந்தவை. இன்னொன்று: நுகர்தல் புலன்களால் அனுபவிப்பது, மணத்தையும் நுகரலாம். உண்பதற்குத் ‘துய்ப்பு’ இருக்கிறது. ‘எச்சத் துய்ப்பு’ என்றால் இன்னும் செறிவு.
புலவர் த.

---

புலவர் ஐயா, கோழிப்பண்ணையில் நின்று ‘எச்சம்’ என்று சொன்னால் பையன் கீழே தரையைத்தான் பார்ப்பான். ‘எச்சத் துய்ப்பு’ என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்லவே முடியாது.

எனக்கு ‘நுகர்வு’ என்ற சொல்லே உறுத்துகிறது. தட்டில் விழுந்ததை யாரும் நிறுக்கவில்லையே. ஆடியில் எங்கள் ஊர்க் கோயிலில் வெட்டும் கிடா எந்த இறைச்சிக்கூடத்துப் பதிவேட்டிலும் ஏறாது. தலையும் குடலும் தனிப்பங்கு, கறி கூறு கூறாக வீடுகளுக்குப் போய்விடும். பாலுக்கு அரசே ‘தலா கிடைப்பு’ என்றுதான் சொல்கிறது: 2022-23இல் நாளொன்றுக்கு 459 கிராம். குடித்த அளவு என்று சொல்லவில்லை. இறைச்சிக்கும் ‘கிடைப்பு’ போதும்.
மரு. க.

---

டாக்டர், ‘கிடைப்பு’ நல்ல சொல். ஆனால் பாடத்தின் மையமே சீனா. அங்கே உற்பத்திக் கணக்கு ஒன்று சொன்னது, வீட்டுச் செலவு ஆய்வு அதைவிட மிகக் குறைவாகச் சொன்னது. ஊரிலிருந்து மேலே போன எண் படிக்குப் படி ஊதியிருந்தது. வீட்டு ஆய்வோ கடையில் உட்கார்ந்து தின்றதைச் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் பிழை. முதல் வேளாண் கணக்கெடுப்புக்குப் பிறகு 1996ஆம் ஆண்டின் இறைச்சி உற்பத்தியை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தார்கள். இருப்பதாகச் சொன்ன பன்றிகளில் ஒரு பகுதி காகிதத்தில் மட்டுமே இருந்தது. ‘கிடைப்பு’ என்றால் அந்தப் பன்றியும் கிடைத்ததாகத்தானே ஆகிவிடும்?

‘கணக்குவழி நுகர்வு’ என்று போடட்டுமா? கணக்கில் பிழை இருந்தால் நுகர்விலும் பிழை இருக்கும் என்பது சொல்லிலேயே தெரிகிறது.
செ.

---

சரி, புரிகிறது. எனக்குச் சம்மதம்.
மரு. க.

---

எனக்கும். நீளம்தான், பரவாயில்லை.
இரா.

---

கணக்கு என்றாலே துல்லியம் என்று மாணவன் நினைப்பான். நேர்மாறான பொருள் போய்ச் சேரும். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.
புலவர் த.

---

ஐயா, அந்த ஐயம் எனக்கும் உண்டு. அதனால் சொல் முதலில் வருமிடத்தில் ‘யாரும் நிறுத்துப் பார்க்காதது’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இப்போதுதான் அச்சகத்துக்கு அனுப்பினேன்.
செ.

---

அடுத்த பதிப்பு எப்போது?
புலவர் த.